நேராக ஓடிய செயின்

ஜனவரி 17, வெள்ளி

அப்பா மீன் விற்கப் போகும் மோட்டார் சைக்கிளுக்குப் பின்டயர் மாற்றியாயிற்று. பழைய டயர் வழுக்குகிறதாம்.

நேற்று காணும் பொங்கல். மீன் நிறையப் போகும் நாள். கீவளூர் திருப்பத்தில் வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து, ஐஸ் பெட்டி கவிழ்ந்து, பாதி மீன் சாலை மண்ணில் புரண்டுவிட்டது. அப்பா கழுவி எடுத்து வந்தார். அதை யாருக்கும் விற்க மனம் வரவில்லை. நாங்களும் பக்கத்து வீடுகளுமாகச் சாப்பிட்டோம். "டயரு தேஞ்சு போச்சு. வழுக்கிருச்சு" என்றார். நேற்று மழை இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. கிராமங்களில் யாரும் மீன் எடுக்க மாட்டார்கள் என்பதால் வண்டி வேலை எல்லாம் வெள்ளிக்கிழமைதான். ஜெகபர் அண்ணனின் மெக்கானிக் கடைக்கு நானும் போனேன். அப்பா காட்டிய டயரைப் பார்த்து அவர் தலையைச் சொறிந்தார்.

"இது பெரிய வண்டிக்குப் போடுறது மாமா. ஒங்க வண்டிக்கு அகலம் ஜாஸ்தி. செயின்ல உரசும்."

"உரசாம மாட்டத்தான் ஒங்கிட்ட வந்தேன்."

"மாட்டிருவேன். ஆனா சக்கரம் ஒரு நூலு கோணுனாலும் சத்தம் போடும். அப்பறம் ஜெகபர் சரியில்லம்பீங்க."

"நீ எப்ப மாப்ள சரியா இருந்த?"

மாட்டிக் கொடுத்தார். செயினுக்கும் டயருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செயினை மறுபடி தானே சரிபார்க்க உட்கார்ந்தார். அடுத்தவர் வைத்ததை அவர் நம்ப மாட்டார். ஐஸ் தண்ணீரும் மீன் உப்பும் சொட்டிச் சொட்டி எங்கள் வண்டியின் செயின் வாரத்துக்கு வாரம் தளர்ந்துவிடும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் எத்தனையாவது கோட்டில் நிற்கிறதோ அந்தப் பக்கமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் நேராக இருக்கும். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது நான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே அப்படித்தான். "பட்டம் வாங்குன புள்ளைக்கு ஸ்பேனர்தான் கெடச்சுதா" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

கடைசியாக அப்பா வண்டிக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி, செயின் நெடுகப் பார்ப்பார். எப்போதும் இடது கண்ணை மூடுவார். இன்று வலது கண்ணை மூடினார். தூசி விழுந்திருக்கும்.

ஜனவரி 18, சனி

விடிவதற்கு முன் அப்பா துறைமுகத்துக்குக் கிளம்பும்போது சரக் சரக் என்று சத்தம். தெருமுனை வரை கேட்டது.

ஜனவரி 20, திங்கள்

பால் வாங்கப் போனேன். டீக்கடையும் ஜெகபர் அண்ணன் கடையும் ஒரே கூரையின் கீழ்தான். அப்பாவின் வண்டி அங்கே நின்றது. நான் டீக்கடைக்குள் ஒதுங்கிக்கொண்டேன். ஆட்கள் இருக்கும் இடத்தில் அப்பா கூப்பிட்டால் பதில் சொல்ல எனக்குக் குரல் வராது.

"இந்தப் பக்கம் மூணாவது கோடு, அந்தப் பக்கம் நாலாவது கோடு" என்று ஜெகபர் அண்ணன் சத்தமாகச் சொன்னார். "மாமா, கண்ண என்ன அடகு வச்சுட்டீங்களா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மீட்டுக்கலாம்டா, வட்டி கொறச்சல்தான்" என்று அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, பசிக்கவில்லை என்று படுத்துவிட்டார்.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் துணி துவைத்தேன். இரண்டு இடங்களுக்கு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினேன். கணக்கர் வேலை. பி.காம் போதும் என்று போட்டிருந்தார்கள். முன் அனுபவமும் கேட்டிருந்தார்கள்.

அப்பா செயின் வைத்தார். கோடுகளைக் கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவி எண்ணினார். துரு ஏறியிருக்கிறது, தெரியவில்லை என்றார். நான் தேங்காய்நாரால் தேய்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் தடவித்தான் எண்ணினார்.

மதியம் சாப்பிட்டுத் தூங்கினார். அம்மா மகளிர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் மூன்று, வலது பக்கம் நான்கு. போன வாரம் போலவே.

எழுப்பிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். டீக்கடைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஸ்பேனரை நட்டில் மாட்டி, கையால் திருப்ப முடியாமல், மேலே ஏறி நின்று தளர்த்தினேன். கோட்டை மட்டும் நம்பாமல் தூண்டில் நரம்பு ஒன்றை எடுத்து, முன்னால் இருக்கும் பெரிய போல்ட்டிலிருந்து சக்கரத்தின் அச்சு வரை இடது பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, அதே நரம்பை வலது பக்கம் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக வரும்வரை திருகினேன். பிறகு சோப்புத்தூளில் கை கழுவினேன்.

"நகத்துல என்னடி கறுப்பு?" என்று அம்மா கேட்டாள்.

"தோசைக்கல்லு தேச்சேன்."

ஜனவரி 25, சனி

சத்தம் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஞாயிறு வியாபாரம் முடிந்து மிச்சம் வந்த சங்கரா மீன்களை அம்மா கழுவ உட்கார்ந்தாள். ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள்.

"செவுளப் பாக்காமயா எடுத்தீங்க? வெளுத்துப் போயில்ல கெடக்கு."

"கருக்கல்ல ஏலம் எடுக்குறது. லைட்டு சரியில்ல."

"இருவது வருசமா அதே கருக்கல்லதான எடுக்குறீங்க?"

மீன் எடுக்கும்போது அப்பா கையால் தொடக்கூட மாட்டார், பார்த்தே சொல்லிவிடுவார் என்று சித்தப்பாக்கள் பேசுவார்கள். அம்மா அந்த மீன்களை நாய்க்குப் போட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று அப்பா செயின் நெடுகப் பார்க்கும்போது எந்தக் கண்ணையும் மூடவில்லை. இரண்டையும் திறந்தே வைத்திருந்தார்.

இந்தத் தடவை வலது பக்கம் இரண்டு கோடு தள்ளியிருந்தது. மதியம் சரி செய்தேன். நட்டு போன தடவையைவிட இறுக்கமாக இருந்தது. கால் வழுக்கி முட்டியில் காயம். அம்மாவிடம் படியில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

வண்டியின் வலதுபக்கக் கண்ணாடியைக் காணோம். "காத்துல ஆடிக்கிட்டே இருந்துச்சு, கழட்டிட்டேன்" என்றார் அப்பா. பெட்டியின் வலது மூலையில் புதிதாக ஒரு நசுக்கல். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஜெராக்ஸ் எடுக்கப் போய், போட்டோ மறந்து, திரும்பி வந்து, மறுபடி போனேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இடது பக்கம் தள்ளியிருந்தது. சரி செய்தேன். இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

பிப்ரவரி 19, புதன்

திருவாரூரில் ஒரு துணிக்கடையில் நேர்காணல். "பஸ்ஸுக்கு நிக்காத, நான் கொண்டுபோய் விடுறேன்" என்று அப்பா வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். பெட்டியைக் கழற்றிச் சீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். என் துப்பட்டாவில் மீன் வாடை ஒட்டக் கூடாதாம்.

வண்டி சத்தமில்லாமல் ஓடியது. அகல டயர் சாலையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் போகிறது. அப்பா ஓட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். வலது பக்கம் பார்க்க வேண்டியிருந்தால் தலை மட்டும் திரும்பவில்லை, தோளும் சேர்ந்து திரும்பியது. தோள் திரும்பும்போது வண்டியும் திரும்பியது.

கீவளூர் தாண்டி ஒரு பேருந்து எங்களை ஒட்டி முந்தியது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தது. எனக்கு அது பின்னாலிருந்தே தெரிந்தது. அப்பாவின் கண்ணில் அது எங்களைத் தாண்டி முன்னால் போன பிறகுதான் பட்டது என்று நினைக்கிறேன். அப்போதுதான் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. சாலையை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்தினார்.

"எமன் மாரி வர்றான் பாரு" என்றார். ஹேண்டிலை விட்டுக் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எறங்கி ஒரு டீ குடிப்பமா பாப்பா?" என்றார். அங்கே டீக்கடையே இல்லை.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்று இரண்டு தடவை சொன்னார்கள். தெரிந்த கேள்விகள்தான். தகவல் அனுப்புவோம் என்றார்கள்.

திரும்பும்போது நான் பேருந்தில் வருவதாகச் சொன்னேன். சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். எனக்குத் திருவாரூரில் சிநேகிதி யாரும் இல்லை.

இந்த வேலை கிடைத்துவிட்டால் அப்பாவை நிறுத்தச் சொல்லலாம். கிடைக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

வழக்கம் போல.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று மதியம் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நான் செயினைச் சரி செய்து, கை கழுவி, சாம்பார் சூடு பண்ணினேன். அப்பா தூங்கி எழுந்து சாப்பிட உட்கார்ந்தார். சங்கத்திலிருந்து திரும்பிய அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே கேட்டாள்.

"மார்கழி முகாம்ல சொன்னாங்களே, அத ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தா என்னவாம்?"

எனக்கு அப்படி ஒரு முகாம் நடந்ததே தெரியாது. கல்யாண மண்டபத்தில் கண் முகாம் போட்டிருக்கிறார்கள். துறைமுகத்து ஆட்கள் எல்லோரும் போயிருக்கிறார்கள். அப்பாவின் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, சர்க்கரையால் வந்தது, தள்ளிப்போடாமல் தஞ்சாவூருக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தடைக்காலம் வரட்டும், போவோம்" என்றார் அப்பா. சித்திரையில் மீன்பிடித் தடை வந்துவிட்டால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏலம் இருக்காது. எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து, ஆபரேஷன் எல்லாவற்றையும் தடைக்காலத்துக்குத்தான் ஒத்திப்போடுவார்கள்.

"கண்ணு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல செண்பகம். அவன் மிசின வச்சுப் பாக்குறான். நான் வேலைய வச்சுப் பாக்குறேன். பொங்கலப்ப எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. செயினக்கூட கோணலா வச்சுட்டேன், அந்த ஜெகபர் பய சிரிச்சான். அன்னிக்கே நெனச்சுக்கிட்டேன், அடுத்த வாரமும் கோணுச்சுன்னா பேசாம தஞ்சாவூருக்குப் போயிருவோம்னு."

அப்பளம் ஒன்றை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கப்பறம் ஒரு வாரங்கூடக் கோணல. நானேதான வைக்கிறேன்? ஒரு நூலு நவுந்தாலும் உரசுற டயரு அது. உரசுச்சா? பாப்பா, நீ சொல்லு. வெள்ளிக்கெழம வச்சா சனிக்கெழம சத்தம் வருதா?"

"இல்லப்பா" என்றேன்.

"கேட்டுக்க" என்றார் அம்மாவிடம்.

மார்ச் 1, சனி

சத்தம் வரவில்லை. தெருமுனை தாண்டி, பிரதான சாலை ஏறும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

நினைத்துப் பார்த்தால் வழி எளிதுதான். நான் தொடாமல் விட்டால் போதும். சத்தம் வரும். அவரே புரிந்துகொள்வார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கச் சொன்னாள். ஒரு கூடை முழுக்க நறுக்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

தொடவில்லை. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஐந்து. இவ்வளவு கோணல் இதுவரை வந்ததில்லை. மதியம் முழுக்க வண்டி பக்கம் போகாமல் மாடியில் துணி மடித்தேன். செயின் கழன்று சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 8, சனி

சரக் சரக் என்று பலமாகவே கேட்டது. அப்பா தெருமுனையில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். நான் வாசலில் நின்றேன். இப்போது திரும்பி வருவார் என்று நினைத்தேன். உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வரும்போது சத்தம் இல்லை.

"டயருதான்" என்றார். "வெயிலுக்குப் புது டயரு கொஞ்சம் உப்புது. ஜெகபருகிட்ட குடுத்து ஓரத்தச் சீவிட்டேன். இனிமே எப்புடி ஓடுனாலும் உரசாது."

போய்ப் பார்த்தேன். டயரின் இடது ஓரத்தில் மேடாக இருந்த ரப்பர் கட்டைகளைச் சுற்றிலும் கத்தியால் சீவியிருந்தது. இப்போது செயினுக்கும் டயருக்கும் நடுவில் என் கட்டைவிரல் நுழைகிறது.

மார்ச் 12, புதன்

மாசி மகம். கடற்கரையில் கூட்டம். சாமி பார்க்கப் போனோம். அப்பா எனக்கு இடது பக்கமாகவே நடந்தார். நான் வலது பக்கம் இருந்தால் கூட்டம் அவர்மேல் இடிக்காது என்று கண்டுகொண்டிருக்கிறார் போல. நான் மறந்து இடப்பக்கம் மாறியபோது ஒரு பலூன்காரர்மேல் மோதிவிட்டார். "பாத்து வாய்யா" என்று பலூன்காரர் திட்டினார். அப்பா கைகூப்பினார்.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி சரி செய்ய ஆரம்பித்துவிட்டேன். கோணலாக விட்டாலும் சத்தம் வராது, ஆனால் பல்சக்கரம் ஒருபக்கமாகத் தேய்ந்து செயின் கழன்றுவிடலாம். விடவும் பயம். சரி செய்யவும் பயம். நரம்பை முடிச்சுப் போட்டு இரண்டு முறை அளந்தேன்.

மார்ச் 17, திங்கள்

துணிக்கடையிலிருந்து தகவல். வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 21, வெள்ளி

சரி செய்தேன்.

மார்ச் 22, சனி

அப்பா மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். பெட்டியில் பாதிக்கு மேல் மீன் அப்படியே இருந்தது. சட்டைக் கை கிழிந்திருந்தது. தண்ணீர் கேட்டார். டம்ளரை நீட்டினேன். அவர் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது. நான் டம்ளரை அந்தக் கைக்கு நகர்த்தினேன்.

"ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணு சைக்கிள்ல குறுக்க வந்துருச்சு. லேசா பட்டுச்சு. புள்ள எந்திரிச்சு நின்னுருச்சு, பாவாடையத் தட்டிக்கிட்டு" என்றார். "சிரிச்சுச்சு அது. 'பாக்கலியா தாத்தா'ன்னு கேட்டுச்சு. தாத்தாவாம்."

"எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுப்பா?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இடது கண்ணால்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன" என்றார்.

அம்மா மீனைக் கருவாட்டுக்கு உப்புப் போட்டாள். சாயங்காலம் ஜெகபர் அண்ணன் கடையில் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டு வந்தார் அப்பா. பிரேக் பிடிக்கவில்லையாம். இனி அந்த வண்டியில் மாற்றுவதற்கு எதுவும் பாக்கி இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

விடியற்காலையில் ஐஸ் உடைக்கும் சத்தத்தில் எழுந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா பெட்டியைக் கட்டிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். நான் போய் முன்சக்கரத்துக்கு எதிரே நின்றேன். அவருக்கு நான் நிற்பது தெரியவில்லை. கியரைப் போட்டார். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பாப்பா? நவுரு. ஏலம் ஆரம்பிச்சுருவான்."

"அப்பா, செயின நேரா வச்சது நீங்க இல்ல."

இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. "என்ன?" என்றார். என்னால் முடிந்த சத்தத்தில் மறுபடி சொன்னேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்குமேல் சத்தமாகச் சொல்ல வரவில்லை. அப்பாவே இஞ்சினை அணைத்தார்.

"ஜெகபரா?" என்றார்.

"நான்தாம்ப்பா. நீங்க தூங்குனப்பறம்."

"எப்ப?"

"வெள்ளிக்கெழமல."

வண்டியை ஸ்டாண்ட் போட்டார். இறங்கவில்லை.

"பொங்கல் கழிச்சு மறுவாரம், தைப்பூசத்துக்கு முந்தி? அது நான் வச்சதுதான?"

"இல்லப்பா."

"நீ திருவாரூர் போனியே, அந்த வாரம்? ரோட்டுல ஊசி மாரி ஓடுச்சே?"

"அதுவும் நான்தான்."

"மகத்துக்கு முந்தின வாரம்?"

"அது மட்டும் நீங்க வச்சது. அன்னிக்குத்தான் உரசுச்சு."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏலத்தில் யாரோ விலையை ஏற்றும்போது யோசனையாக ஆட்டுவாரே, அதே மாதிரி. எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"அன்னிக்கு ஒங்கிட்ட கேட்டனே, சோறு திங்கயில. சத்தம் வருதான்னு."

"வரலப்பா. அதான் வரலன்னு சொன்னேன்."

"ஆமா" என்றார். "வரலதான்."

ஐஸ் தண்ணீர் பெட்டியிலிருந்து செயின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து மற்ற வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. ஒரு வண்டிக்காரர் "என்னண்ணே, வர்லியா?" என்று கேட்டபடியே போனார். அப்பா அந்தப் பக்கம் கையை மட்டும் தூக்கினார்.

பிறகு வண்டியை விட்டு இறங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அம்மாவுக்குத் தெரியுமா, நீ வச்சது?"

"தெரியாது."

"சொல்லாத" என்றார். பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு அகப்படாமல் தடவினார். நான் அவிழ்த்தேன்.

மார்ச் 24, திங்கள்

அம்மா கூடை எடுத்துக்கொண்டு பேருந்தில் கீவளூர்ச் சந்தைக்குப் போனாள். கூடைக்கும் டிக்கெட் கேட்டு நடத்துநர் சண்டை போட்டாராம். அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு தடவை ஜெகபர் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, வண்டிக்கு லீவா, ஒங்களுக்கு லீவா?" என்றார். "ரெண்டுக்கும் மாப்ள" என்றார் அப்பா.

மார்ச் 26, புதன்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. காலையில் முதல் பேருந்தில் போய், சீட்டு எடுத்து, வரிசையில் உட்கார்ந்தோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். எரிகிறது என்று அப்பா சின்னப் பிள்ளைபோல முகத்தைச் சுருக்கினார். அம்மா புடவைத் தலைப்பால் துடைக்கப் போனாள். நர்ஸ் சத்தம் போட்டாள்.

பெரிய எழுத்திலிருந்து படிக்கச் சொன்னார்கள். இடது கண்ணால் பாதிவரை படித்தார். வலது கண்ணுக்கு, நர்ஸ் முகத்துக்கு நேராக விரல்களைக் காட்டினாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு "மூணு" என்றார். அவள் விரலை எப்போதோ இறக்கியிருந்தாள்.

டாக்டர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கலாம். கருவிக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"எப்பலேருந்து மங்கலா இருக்கு?"

"பொங்கலுக்கு முன்னாடிலேருந்துங்க."

"யாரும் பாத்துச் சொல்லலையா?"

"முகாம்ல சொன்னாங்க."

டாக்டர் கருவியைத் தள்ளிவைத்தார். "இடது கண்ணுக்கு லேசர் வைக்கிறோம். சர்க்கரையக் கட்டுல வச்சு, விடாம வந்தீங்கன்னா இருக்குறது இருக்கும். வலது கண்ணுல விழித்திரை பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு. இனி ஆபரேஷன் பண்ணாலும் பார்வை வராது. அவங்க சொன்ன ஒடனே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். தை கடைசியில வந்திருந்தாகூட. ஏங்க வரல?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வண்டியில வேலை இருந்துச்சுங்க" என்றார் அப்பா. "புது டயரு போட்டேன். அது சரியா உக்காரல. அதப் பாத்துக்கிட்டே இருந்ததுல நாளு போயிருச்சு."

"டயரா?" என்றார் டாக்டர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணுதானம்மா? ஒரே வீட்லதான இருக்க. அப்பாவுக்குப் பார்வை போறது ஒனக்குத் தெரியலையா?"

நான் வாய் திறந்தேன். குரல் வரவில்லை.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார். மருந்து விட்ட கண்களுடன், டாக்டர் எங்கே இருக்கிறார் என்று சரியாகத் தெரியாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "அது வண்டிப் பக்கமே வராது."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திரும்பும்போது பேருந்தில் என் கையை எடுத்து மடியில் வைத்து, நகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.